மைக்ரானை அளக்க ஒரு திருகு அளவி

எங்கள் கடைசல் பட்டறைக்கு வாங்கிய 0–25 மி.மீ. திருகு அளவியை ஆறு மாதங்களாக அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். மின்கலம் தேவைப்படாத, வெர்னியர் கோடுகள் (ஒரு பிரிவின் பகுதியைப் படிக்க உதவும் துணைக் கோடுகள்) பொறித்த வகை இது. பாடநூலில் திருகு அளவி என்று படித்திருந்தாலும், பட்டறையில் எல்லோரும் மைக்ரோமீட்டர் என்றே சொல்கிறோம்.

அது அளக்கும் அலகின் முறையான பெயரும் மைக்ரோமீட்டர்தான்: ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிறியது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த மைக்ரான் என்னும் பெயர் 1879-இல் பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்டது. 1967–68-இல் கூடிய எடைகள், அளவுகள் பொது மாநாடு அதை நீக்கிவிட்டது. ஆயினும், "இன்னும் ரெண்டு மைக்ரான் எடுக்கணும்" என்றுதான் இன்றும் பேசுகிறோம். கருவியும் அலகும் ஒரே பெயரில் குழம்பாதிருக்க அதுவே நல்லது என்பது என் எண்ணம்.

கருவியின் புரியிடைத் தூரம், அதாவது ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு நகரும் தூரம், 0.5 மி.மீ.; திருகோடு சுற்றும் தலைக்கோலில் 50 பிரிவுகள் உள்ளன. ஆகவே ஒரு பிரிவு நகர்ந்தால் 10 மைக்ரான். அதை வெர்னியர் மேலும் பத்தாகப் பிரித்துக் காட்டுகிறது. 1848-இல் பாரிசைச் சேர்ந்த ழான் லோரான் பால்மர் காப்புரிமை பெற்ற அமைப்பே இன்றும் அடிப்படை. முதல் நாள் என் தலைமுடி ஒன்றை இடையில் வைத்து ராட்செட்டை (அளவுக்கு மீறி அழுத்தாமல் தடுக்கும் முனைத் திருகியை) மெல்லத் திருப்பினேன்; மூன்று முறை 'டிக்' என்று கேட்டதும் நிறுத்திப் பார்த்தால் 72 மைக்ரான். அதுவரை வரைபடத்தில் எண்ணாக மட்டுமே இருந்த அலகு அன்றுதான் எனக்குப் பொருளாயிற்று.

20 மி.மீ. விட்டமுள்ள தண்டுக்கு எச்6 என்னும் துல்லியத் தர அளவு கேட்டால், அளவு மாறுபட அனுமதிக்கும் மொத்த வரம்பே 13 மைக்ரான்தான். அந்த வேலைக்கு இக்கருவி தயக்கமின்றிக் கைகொடுக்கிறது. ஆனால் லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு அளக்கக் கூடாது. அதே தண்டு 10 பாகை சூடேறினாலே சுமார் 2 மைக்ரான் விரிந்துவிடும். தொழில்துறை அளவுகள் எல்லாம் 20 பாகை செல்சியசுக்கே குறிக்கப்படுகின்றன. இதை அறியாமல் தொடக்கத்தில் இரண்டு தண்டுகளைத் தேவைக்கு மேல் கடைந்து வீணாக்கினேன். இப்போது துண்டையும் கருவியையும் ஒரே இரும்புப் பலகையில் அரை மணி நேரம் ஆறவிட்டே அளக்கிறேன்.

குறை என்றால் இரண்டு. பெட்டியிலிருந்து எடுத்தபோதே 3 மைக்ரான் சுழிப்பிழை (முகங்கள் ஒட்டியிருக்கும்போதும் சுழியம் காட்டாத பிழை) இருந்தது. உடன் வந்த சாவியால் நானே சரிசெய்தேன். வெர்னியர் கோடுகள் மிக மெல்லியவை என்பதால், மாலை வெளிச்சத்தில் நாற்பதைக் கடந்த கண்களுக்கு உருப்பெருக்கி வேண்டியிருக்கிறது. ராட்செட்டும் அளவு முகங்களும் தேயாமல், தளராமல் இருக்கின்றன. பெட்டியில் வைக்கும்போது முகங்களை எண்ணெய்த் துணியால் துடைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் சற்றே இடைவெளி விட்டு வைக்கிறேன்.