189 வெள்ளி (ரிங்கிட்) போச்சு: மவுஸ் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் படியுங்கள்

ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்தக் கடையிலிருந்து வந்தேன். வயிறு எரிகிறது.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கல்யாண அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ் செய்து கொடுப்பது என் பிழைப்பு. பழைய லேப்டாப், அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட், வடிவமைக்க இங்க்ஸ்கேப் மென்பொருள். காலையிலிருந்து ராத்திரி வரை கை மவுஸிலேயே இருக்கும். விலை கூடினாலும் பரவாயில்லை, நாலைந்து வருடம் உழைக்கட்டும் என்று டவுனில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன்.

கேட்டது இரண்டே கேள்வி. லினக்ஸில் எல்லாப் பட்டனும் வேலை செய்யுமா? கெட்டால் கழற்றி ரிப்பேர் பண்ணலாமா?

"எல்லாத்துலயும் ஓடும் தம்பி. பட்டன் போனா கொண்டா, நானே மாத்தித் தரேன். ரெண்டு வருஷம் வாரண்டி."

189 வெள்ளி என்றதும் தயங்கினேன். அப்போதுதான் சொன்னார்: "உங்கப்பாவும் எங்கப்பாவும் ஒரே தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க. உன்ன ஏமாத்துவேனா?" அதற்கு மேல் என்ன கேட்பது? ரசீதைப் படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அப்பா போய் 6 வருடம் ஆகிறது. அவர் பேரைச் சொல்லி என்னிடம் விற்றிருக்கிறார்.

ஆறே வாரம். ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை பதிகிறது. இழுத்துக்கொண்டு போகும் எழுத்து பாதி வழியில் விழுந்துவிடுகிறது. ஒரு அட்டையில் மணப்பெண்ணின் பெயர் ஓரத்துப் பூவின் மேல் போய் உட்கார்ந்திருந்தது, நல்லவேளை அச்சுக்கு முன்னால் பார்த்தேன். மவுஸின் பக்கவாட்டுப் பட்டன்களை மாற்றியமைக்கும் மென்பொருளோ விண்டோஸுக்கு மட்டும்தான்.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். முதலில் "நாளைக்கு வா". அப்புறம் "சப்ளையர் ஈப்போவுல, போன் எடுக்கல". அப்புறம் வாட்ஸ்அப்பில் வெறும் நீல டிக். இன்றைக்கு நாலு பேர் முன்னால், "நீ லினக்ஸ் போட்டதாலதான் கெட்டுச்சு".

சுத்தப் பொய். அக்கா வீட்டு விண்டோஸிலும் அதே கோளாறு. பட்டனுக்கு அடியில் இருக்கும் மைக்ரோ சுவிட்சின் சின்னத் தகடு தேய்ந்தால் ஒரே அழுத்தலில் இரண்டு தடவை தொடும். அதற்கும் லினக்ஸுக்கும் என்ன சம்பந்தம்? ரசீதைக் காட்டினார்: 7 நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ரெண்டு வருஷம் எங்கேயும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும், கோளாறை வீடியோ எடுத்துவிட்டுத் திறந்து பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த வழுக்குப் பட்டைகளை உரித்தால் ஸ்குரூ இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றுகூட இல்லை. மூடியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், கத்தி நுழைத்ததும் ஓரம் படக்கென்று விரிந்தது. பேட்டரியை நேராக போர்டிலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். சில வெள்ளி சுவிட்சுக்காக 189 வெள்ளி மவுஸை உடைக்க வேண்டும்!

நல்ல மவுஸ் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. வயர் உள்ளது, இல்லாவிட்டால் சாதாரண ஏஏ பேட்டரி போடுவது வாங்குங்கள். ஸ்குரூ போட்டு மூடியதா என்று கேளுங்கள். ரப்பர் பூச்சு வேண்டாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் பிசுபிசுத்துவிடும். லினக்ஸ்காரர்கள், மவுஸ் பட்டன்களை மாற்றியமைக்கும் பைப்பர் செயலி லிப்ராட்பேக் என்ற மென்பொருளை நம்பியிருக்கிறது; அதன் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். வாரண்டியை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள், எதிரே நிற்பது சொந்த மாமாவாக இருந்தாலும்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட 5 வெள்ளிதான். ரசீது, வீடியோ, உடைந்த மூடி எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை பதிகிறேன்.