மொராக்கோ கள்ளிப்பழ விதை எண்ணெய்: புட்டிக்குள் இருப்பதும் உறைமேல் எழுதியிருப்பதும்

மொராக்கோவில் பிழிந்து, 30 மில்லி புட்டிகளில் இணையக் கடை ஒன்றில் விற்கப்படும் கள்ளிப்பழ விதை எண்ணெயைச் சில மாதங்களாக முகத்திலும் கைகளிலும் பூசி வருகிறேன். மெக்சிகோவில் தோன்றி வட ஆப்பிரிக்காவுக்குச் சென்ற ஒபன்ஷியா ஃபைக்கஸ் இண்டிகா என்னும் சப்பாத்திக்கள்ளி இனமே இதன் மூலம்; நம் வேலியோரங்களில் சிவந்த பழத்துடன் நிற்கும் கள்ளி அதன் உறவினம்தானே தவிர, அதுவே அன்று.

விலை மிக அதிகம். ஆனால் அதற்குக் காரணம் உண்டு: கல்லைப் போலக் கடினமான அந்தச் சிறு விதையில் எண்ணெய் மிகக் குறைவு, ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் பழம் வேண்டும் என்பது உற்பத்தியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. போதாக்குறைக்கு, 2014 முதல் பரவிய கோச்சினீல் பூச்சி மொராக்கோவின் கள்ளித் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டது.

எண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு லினோலியிக் அமிலம் என்னும் நிறைவுறாக் கொழுப்பு அமிலம். அடுத்த இடம் ஓலியிக் அமிலத்துக்கு. இந்த அளவுக்கு லினோலியிக் அமிலம் சூரியகாந்தி எண்ணெயிலும் உண்டு என்பதால், அதற்காக மட்டும் இத்தனை பணம் கொடுப்பது வீண். இதன் தனிச்சிறப்பு வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்த காமா டோகோஃபெராலும், ஸ்டெரால்கள் எனப்படும் தாவரக் கொழுப்புப் பொருள்களில் முதன்மையான பீட்டா சிட்டோஸ்டெராலும் ஆகும். எளிதில் காறிப்போகக்கூடிய நிறைவுறாக் கொழுப்பை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காப்பது அந்த டோகோஃபெரால்தான்.

உறையில் உள்ள வாசகங்களில்தான் எனக்கு உடன்பாடில்லை. "பீட்டாலைன் நிறைந்தது" என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். பழத்துக்குச் சிவப்பும் மஞ்சளும் தரும் அந்த நிறமிகள் சதையில் இருப்பவை, நீரில் கரைபவை; விதையைக் குளிர்முறையில் பிழிந்த எண்ணெயில் அவற்றுக்கு இடமே இல்லை. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும், விதையிலுள்ள ஃபீனால் சேர்மங்களிலும் பெரும்பகுதி எண்ணெயோடு வராமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. சோதனைக் குழாயில் விதைச் சாறு காட்டும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனை, முகத்தில் பூசிய இரண்டு சொட்டு எண்ணெயின் பலனாக எழுதுவது வணிகத் தந்திரமே. விதையை அப்படியே விழுங்கினால் சத்துகள் கிடைக்கும் என்பாரும் உளர். மெல்லப்படாத விதை பெரும்பாலும் அப்படியே வெளியேறும் என்பதோடு, அளவு மீறினால் குடலை அடைத்துக்கொள்ளவும் கூடும்.

பூச்சு எண்ணெயாக மட்டும் பார்த்தால் இது நல்ல பொருள். பசுமை கலந்த பொன்னிறமும் உலர்ந்த புல்லை ஒத்த மெல்லிய மணமும் உடையது. பிசுபிசுப்பின்றி விரைவில் தோலில் படிகிறது. குளித்த பின் ஈரத்தோலில் தடவினால் வறட்சி நன்கு குறைகிறது. சுருக்கங்களில் மாற்றம் எதையும் நான் காணவில்லை. வாங்க விரும்புவோர், பிழிந்த தேதி குறிப்பிட்ட, கருநிறக் கண்ணாடிப் புட்டியில் அடைத்த, வேறு எண்ணெய் கலக்காத சரக்காகப் பார்த்துச் சிறிய அளவில் வாங்கி, வெயில் படாத இடத்தில் வைத்துப் பயன்படுத்தலாம்.