மின்னணுத் தராசும் ஒரு கப் துருவிய சீஸும்

கடந்த மாதம் புறக்கோட்டையில் பாத்திரக் கடையொன்றில் 2,800 ரூபாய்க்குச் சமையலறை மின்னணுத் தராசு ஒன்றை வாங்கினேன். 5 கிலோகிராம் வரை நிறுக்கும். ஒவ்வொரு கிராமாகக் காட்டும். ஒரே பொத்தானால் கிராம், அவுன்ஸ், மில்லிலீற்றர் என்று அலகை மாற்றிக்கொள்ளலாம். அந்த மூன்றாவது அலகுக்காகவே அதைத் தெரிவு செய்தேன். சமையற் குறிப்பில் ‘ஒரு கப் துருவிய சீஸ்’ என்றிருக்கும், நாம் வாங்கும் சீஸ் கட்டியின் உறையிலோ கிராம் கணக்குத்தான் இருக்கும். இரண்டுக்கும் இடையிலான தொல்லை இதனால் தீரும் என்று நம்பினேன். எதை வைத்தாலும் மில்லிலீற்றரில் காட்டும் என்று கடைக்காரரும் உறுதியாகச் சொன்னார்.

காட்டத்தான் செய்கிறது, ஆனால் சீஸுக்கு அது பிழையான எண். 113 கிராம் துருவிய செடார் சீஸை வைத்துப் பொத்தானை அழுத்தினால் திரையில் 113 மில்லிலீற்றர் என்றே வருகிறது. ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலீற்றர் என்பது தண்ணீருக்குரிய கணக்கு. அமெரிக்கச் சமையற் குறிப்புகளின் வழக்கப்படி, அதே 113 கிராம், அதாவது 4 அவுன்ஸ் செடார், துருவிய பின் ஏறத்தாழ 237 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு கப்பை நிரப்பிவிடும். துருவல்களுக்கிடையே அடைபடும் காற்றினால் வரும் இந்த வேறுபாடு இரண்டு மடங்கையும் தாண்டுகிறது.

தராசைக் கிராமில் வைத்து, என்னிடமுள்ள 250 மில்லிலீற்றர் கப்பை வைத்துப் பூச்சியமாக்கி, வீட்டில் சோதித்துப் பார்த்தேன். துருவியின் பெரிய கண்ணில் துருவிய செடாரை அழுத்தாமல் நிரப்பியபோது 108 கிராம் வந்தது. கரண்டியின் பின்புறத்தால் அழுத்தி, மீண்டும் விளிம்புவரை நிரப்பியபோது 151 கிராம் ஆனது. பார்மசான் சீஸை மிக நுண்ணிய கண்ணில் துருவியபோது பஞ்சுபோல் உப்பி, கப் நிறைந்தும் 50 கிராமை எட்டவில்லை. தேங்காய்ப்பூவை அழுத்தி அளப்பதற்கும் உதிரியாக அளப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அரிசியைச் சுண்டால் அளக்கும்போது மணிகள் தாமாகவே நெருங்கி அமர்ந்துவிடுகின்றன. சீஸ் அப்படி அமர்வதில்லை.

அவுன்ஸ் அலகிலும் கவனம் வேண்டும். ‘8 அவுன்ஸ் சீஸ்’ என்றால் நிறையில் 227 கிராம், துருவினால் இரண்டு கப். ஒரு கப் தண்ணீர் 8 திரவ அவுன்ஸ் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முன்பு நான் ஒரு கப் சீஸ் மட்டுமே போட்டேன். அன்று ஓவனில் வைத்த மக்கரோனி வறண்டு, மேற்பகுதி பொன்னிறமாகாமலே வெளியே வந்தது. தராசு கைக்கு வந்த பிறகு அந்தத் தவறு நேரவில்லை.

கிராமுக்கு மட்டும் இதை வாங்குவோருக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன். 500 மில்லிலீற்றர் தண்ணீரை அளந்து ஊற்றியபோது, பாத்திரத்தின் நிறை நீங்கலாக, 499 கிராம் காட்டியது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சமையலறையின் வெக்கையில் சீஸ் சில நிமிடங்களில் வியர்த்து, துருவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கப்பில் அளந்தால் அளவு மாறும், நிறை மாறாது. துருவுவதற்கு முன் கட்டியை அரை மணித்தியாலம் உறைபெட்டியில் வைப்பதும் உதவுகிறது.

குறை ஒன்று உண்டு. இரண்டு நிமிடங்கள் தொடாமலிருந்தால் தராசு தானாக அணைந்து, பூச்சியமாக்கிய கணக்கை இழந்துவிடுகிறது. ஆகவே தராசின் மேலேயே கிண்ணத்தை வைத்துத் துருவுவதை விட்டுவிட்டு, முதலில் தட்டில் துருவி முடித்த பின்னரே அதை இயக்குகிறேன்.