வவ்வாலா, பீச் பழமா? பழைய சீன பீங்கான்ல எனக்கு எது ஒசத்தி

பழைய சீன பீங்கான்ல இருக்குற படமெல்லாம் பெரும்பாலும் ஒரு வாழ்த்து. அந்த வாழ்த்தைச் சொல்ல ரெண்டு வழி வச்சிருந்தாங்க, ஒண்ணு சிலேடை, இன்னொண்ணு கதையும் பொருளோட குணமும். என் மனசு சிலேடை பக்கம்தான் சாயுது.

வவ்வாலையே எடுத்துக்கங்க. நம்ம வீட்டுக்குள்ள வந்தா அபசகுனம்னு விரட்டுவோம், அங்க அரண்மனைக் கிண்ணத்துலயே பறக்குது, காரணம் அதோட பேருதான். வவ்வால் பேர்ல வர்ற ஃபூவும் பாக்கியம்னு அர்த்தம் வர்ற ஃபூவும் உச்சரிப்புல ஒண்ணு, சீனத்துல அர்த்தத்தையே மாத்துற குரல் ஏத்த இறக்கம், அதாவது தொனி கூட மாறாது. அஞ்சு வவ்வால் வரைஞ்சா அஞ்சு பாக்கியம், அதாவது நீண்ட ஆயுசு, செல்வம், சுகம், நல்ல குணம், கடைசியில அமைதியான சாவு. சாவையும் பாக்கியத்துல சேர்த்திருக்காங்க பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்சது. சிவப்புல வரைஞ்சா இன்னும் ஒசத்தி, சிவப்பு வவ்வாலும் ஹோங் ஃபூ, பெரும் பாக்கியமும் ஹோங் ஃபூ. மீன் யூ, தேவைக்கு மேல மிஞ்சுற வளமும் யூ. மான் லூ, அரசாங்க உத்தியோக சம்பளமும் லூ.

பீச் வேற ரகம். சீனப் புராணத்துல வர்ற மேற்குத் திசை ராணி அம்மாங்குற தேவதையோட தோட்டத்துல 3000 வருஷத்துக்கு ஒருதடவை பழுக்குற பழம், சாப்பிட்டா சாவே கிடையாதுன்னு கதை. மாதுளைக்கு கதையே வேண்டாம், வெடிச்சு விதை தெரியுற மாதிரி வரைஞ்சிருப்பாங்க, நிறைய பிள்ளைங்க பொறக்கணும்னு பாத்ததுமே புரிஞ்சிடும். சிலேடைக்கு அந்த வசதி இல்லதான், சீனம் தெரியாதவங்களுக்கு வவ்வால் வெறும் வவ்வால், அவசரத்துல பாத்தா பட்டாம்பூச்சி மாதிரி கூட இருக்கும். ஆனா பீச் படத்தை எந்த ஊர்க்காரங்களும் வரைஞ்சிடலாம், வவ்வாலை மங்கலமாக்க அந்த மொழிதான் வேணும்.

ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்னு பாக்கணும்னா சீனப் பேரரசர் யோங்செங் காலத்து (1723–1735) ஜாடிகளைப் பாருங்க. பீச் கிளை, பக்கத்துல சிவப்பு வவ்வால், பாக்கியமும் ஆயுசும் ஒண்ணா. பழம் வழக்கமா எட்டு, அடுத்து வந்த சியன்லுங் காலத்துல ஒன்பது. யோங்செங் காலத்து ஆலிவ் வடிவ ஜாடி ஒண்ணு அமெரிக்காவுல ஒரு வீட்டுல மேஜை விளக்குக்கு அடியில நின்னுட்டு இருந்துச்சு, 2002ல ஹாங்காங் ஏலத்துல 4 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல போச்சு, வாங்கினவங்க அதை ஷாங்காய் மியூசியத்துக்கே கொடுத்துட்டாங்க. அந்த வவ்வாலை பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிஞ்ச ஜனங்க இப்ப அங்க வந்து பாக்குறாங்க.