புளியரைப் பக்கம் நடந்து ஒலி சேர்க்க: ஜூம் எச்1என் ரெக்கார்டர்

செங்கோட்டை, புளியரை, கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவு பக்கம் இலக்கில்லாமல் நடந்து, காதில் விழுவதைப் பதிந்து, வீடியோவோடு கோத்துச் சின்னச் சின்னப் படைப்புகள் செய்கிறேன். அதற்கு இந்த ரெக்கார்டர் அருமையான துணை. சட்டைப் பையில் அடங்கும், இரண்டு ஏஏஏ பேட்டரி போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 96 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலியை நொடிக்கு 96,000 முறை அளந்து பதியும் வசதி. புளியரை வயல் தவளைகளை அப்படிப் பதிந்து பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், ஆனால் ஒலி மங்காது. பகவதிபுரம் தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் நுழையும் காட்சிக்கு அந்தத் தவளைகளைப் போட்டேன். மலையே மூச்சு விடுவதுபோல் இருந்தது. 1970களில் கனடாவின் வான்கூவரில் இசையமைப்பாளர் மர்ரே ஷேஃபர் குழுவினர் ஊர் ஒலிகளைச் சேர்த்தது ஏன் என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

சரி, ஆனி ஆடியில் வந்தால் ரோமம் வைத்த காற்றுத்தடுப்பு உறை கட்டாயம். கணவாய்க் காற்றை எந்த மைக்கும் வெறுமனே தாங்காது. நடக்கும்போது விரல் உரசல் பதியாமலிருக்க, பின்புறத் துளையில் குட்டி ட்ரைபாடைத் திருகி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் செருகி) மைக் வைத்திருப்பவர்கள் வேறு கருவி பார்க்கலாம், இதில் 3.5 மி.மீ. துளைதான்.