பல்வலிக்குக் கிராம்பா, கிராம்புத் தைலமா, உப்புத் தண்ணீரா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு கீழ்க் கடைவாய்ப்பல் விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. இங்கே சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) திறக்காது. திங்கள் காலைவரை ஓட்டியாக வேண்டும். வீட்டில் இருந்ததையெல்லாம் செய்து பார்த்ததில், என் ஓட்டு முழுக் கிராம்புக்குத்தான்.

உப்புத் தண்ணீர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு. பல்லிடுக்கில் சிக்கியது வெளியே வரும், வலி மரத்துப் போகாது. துணியில் சுற்றிய ஐஸைக் கன்னத்தில் கால் மணி நேரம் வைத்தால் கொஞ்சம் மரக்கும். எடுத்ததும் வலி திரும்பிவிடும்.

கிராம்பிலும் தைலத்திலும் வேலை செய்வது ஒரே பொருள், யூஜெனால். பல் மருத்துவர்களே இதைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறார்கள். வித்தியாசம் வீரியத்தில்தான். காய்ந்த கிராம்பில் எண்ணெய் 15 முதல் 20 சதவீதம். குப்பியில் இருப்பது முழுக்க அந்த எண்ணெய்.

அவசரத்தில் நான் தைலத்தைப் பஞ்சில் நனைத்து அப்படியே அழுத்திவிட்டேன். இரண்டு நிமிடத்தில் பல் அடங்கியது. காலையில் கண்ணாடியில் பார்த்தால் ஈறு வெள்ளையாக வெந்து தோல் உரிந்திருந்தது. காப்பி பட்டதும் பல்லைவிட அந்த இடம்தான் எரிந்தது.

அப்புறம்தான் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன். லிட்டில் இந்தியா தேக்காவில் வாங்கிய கிராம்பு, நகத்தால் கீறினால் எண்ணெய் கசிகிற மாதிரி நல்லதாக இருந்தது. ஒன்றை மறுபக்கப் பல்லால் லேசாக நசுக்கி, நாக்கால் தள்ளி வலிக்கிற பல்லோரம் ஒதுக்கிக்கொண்டேன். பத்து நிமிடத்தில் வலி தணிந்தது, அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கியது. காரம் ஏறினால் துப்பிவிடலாம், ஈறில் ஊறிய தைலத்தைத் துப்ப முடியாது. படுக்கும்முன் மட்டும் மறக்காமல் துப்பிவிட வேண்டும். தலைக்கு இரண்டு தலையணை வைத்தால் தெறிப்பு குறையும்.

தைலம்தான் வேண்டுமென்றால் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயில் இரண்டு சொட்டு போதும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம், விழுங்கினால் ஆபத்து. பச்சைப் பூண்டும் ஈறைப் பொசுக்கும். பக்கத்து வீட்டு மலாய் அக்கா கொய்யா இலை கொதிக்கவைத்துக் கொடுத்தார். ஒரே ஒரு முறை கொப்பளித்ததை வைத்து நல்லதென்றோ இல்லையென்றோ சொல்லமாட்டேன்.

முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ திங்கள்வரை காத்திருக்காதீர்கள். நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.