ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள்: வயர்லெஸ் படிக்கிறவர் பையில் இருக்க வேண்டிய மட்டமான ரிசீவர்

முதுகலையில் டிஜிட்டல், வயர்லெஸ் கம்யூனிகேஷன் எடுத்து முதல் செமஸ்டரை முடித்தபோது எனக்கு பிட் எரர் ரேட் (எத்தனை பிட் தப்பாக வருகிறது என்ற விகிதம்) கர்வ் போடத் தெரியும், ரேலே ஃபேடிங்கில் (பல வழியில் வந்து சேர்வதால் சிக்னல் ஏறி இறங்கும் சூழலில்) பிபிஎஸ்கே (0, 1 இரண்டையும் அலையின் எதிரெதிர் ஃபேஸால் காட்டும் மாடுலேஷன்) என்ன அடி வாங்கும் என்று நாலு வரியில் நிரூபிக்கத் தெரியும், ஆனால் காற்றில் வரும் நிஜ சிக்னல் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. எல்லாம் மேட்லேப் என்ற கணக்கு மென்பொருளில்தான். நானே அனுப்புவேன், நானே நாய்ஸ் கலப்பேன், நானே வாங்கிக்கொள்வேன், மார்க்கும் வந்துவிடும். அப்போது ஒரு சீனியர் பென் டிரைவ் மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து, "ஒரு வாரம் இதோட மல்லுக்கட்டிப் பாரு" என்றார். இரண்டு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: சீனியர் கொடுத்தது ஆர்டிஎல்-எஸ்டிஆர், கணினியில் டிவி பார்ப்பதற்காக வந்த யூஎஸ்பி டாங்கிள் (எஸ்டிஆர் என்றால் ரேடியோவின் வேலையை மென்பொருளில் செய்வது). உள்ளே ரியல்டெக்கின் ஆர்டிஎல்2832யூ சிப். டிவி படத்துக்குப் பதிலாக அலையின் அளவையும் ஃபேஸையும் சேர்த்துச் சொல்லும் ஐ, க்யூ சாம்பிள்களை அப்படியே கணினிக்குக் கொட்டவும் இதற்குத் தெரியும் என்று 2012 வாக்கில் சிலர் கண்டுபிடித்தார்கள், அதிலிருந்து இதற்கு வேறு வாழ்க்கை. ஆர்820டி2 ட்யூனர் (அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் சிப்) உள்ளதாக இருந்தால் சுமார் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். கேட்க மட்டும்தான், அனுப்ப முடியாது. சாம்பிள் 8 பிட். நொடிக்கு 32 லட்சம் சாம்பிள் என்று செட்டிங்கில் இருக்கும், நம்ப வேண்டாம், 24 லட்சத்தைத் தாண்டினால் நடுவில் சாம்பிள் தொலைய ஆரம்பிக்கிறது.

முதலில் சொந்தமாக வாங்கியது பெயர் ஊர் தெரியாத ஒரு மலிவான டாங்கிள். அதன் கிரிஸ்டல் (கடிகாரத் துடிப்பு தரும் பாகம்) 60 பிபிஎம் (பத்து லட்சத்தில் 60 பங்கு) தள்ளி ஓடியது. அதாவது 100 மெகாஹெர்ட்ஸில் 6 கிலோஹெர்ட்ஸ் பிசகு. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, சோம்பேறித்தனம் காப்பாற்றியது.

ஏனென்றால் அந்தப் பிசகுதான் எனக்குப் பாடம் எடுத்தது. எஃப்எம் ஒலிபரப்புக்குள் 57 கிலோஹெர்ட்ஸில் ஆர்டிஎஸ் என்று ஒரு சின்ன டிஜிட்டல் சிக்னல் ஒளிந்திருக்கும், நிலையத்தின் பெயரை ரேடியோ திரையில் காட்டுவது அதுதான். நொடிக்கு 1187.5 பிட், டிஃபரன்ஷியல் பிபிஎஸ்கே, பாடத்தில் இதைவிட எளிதான மாடுலேஷன் கிடையாது. க்னு ரேடியோ என்ற மென்பொருளில் பிளாக்குகளைக் கோத்து ஓட்டினால், இரண்டு புள்ளியாக நிற்க வேண்டிய கான்ஸ்டலேஷன் (வந்த சாம்பிள்களைப் புள்ளிகளாக வரைந்த படம்) ராட்டினம் மாதிரி சுற்றுகிறது. நொடிக்கு மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் மேல். எங்கே தப்பு என்று ராத்திரி ஒரு மணி வரை பிளாக்குகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கினேன். கடைசியில் காகிதத்தில் ஒரே ஒரு பெருக்கல்: 57,000 ஹெர்ட்ஸில் 60 பிபிஎம் என்றால் 3.4 ஹெர்ட்ஸ். அட! எஃப்எம் டிமாடுலேஷனில் அந்த 6 கிலோஹெர்ட்ஸ் பிசகு வெறும் டிசியாக, அதாவது மாறாத ஒரு அளவாகப் போய்விடுகிறது, ஆனால் ட்யூனருக்கும் சாம்பிளிங்குக்கும் ஒரே கிரிஸ்டல் என்பதால் அதே பிழை இங்கே வேறு வேஷத்தில் வந்து நிற்கிறது.

இந்தச் சுழற்சியைப் பின்தொடர்ந்து திருத்தும் காஸ்டஸ் லூப் போட்டதும் சுற்றுவது நின்றது. சரி, முடிந்தது என்று பார்த்தால், சில நொடி எழுத்து ஒழுங்காக வருகிறது, அப்புறம் குப்பை, மறுபடி ஒழுங்கு. மொபைலில் நேரம் வைத்துப் பார்த்தேன், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 14 நொடி. 60 பிபிஎம் பிழையில் 16,667 பிட்டுக்கு ஒரு முறை ஒரு பிட் நழுவும், அதை 1187.5-ஆல் வகுத்தால் அதே 14. ஒவ்வொரு பிட்டையும் எந்தத் தருணத்தில் எடுப்பது என்று கண்டுபிடிக்கும் டைமிங் ரிகவரி என்ற பாடத்தை "பரீட்சைக்கு வராது" என்று தாண்டிப் போனவன் நான். அன்று அதைப் போட்டுவிட்டு, காஸ்டஸ் லூப் 180 டிகிரி புரண்டு லாக் ஆனாலும் டிஃபரன்ஷியல் கோடிங் (முந்தையதிலிருந்து மாறியதா என்பதை மட்டும் அனுப்புவது) இருப்பதால் கெடுதல் இல்லை என்பதையும் கண்ணால் பார்த்துவிட்டு உட்கார்ந்தபோது, எட்டு எழுத்துப் பெயர் இரண்டிரண்டு எழுத்தாக வந்து நிறைந்தது. ஆர்டிஎஸ் தரவில் ஒரு குரூப்புக்கு (தொகுதிக்கு) இரண்டு எழுத்துத்தான் தருவார்கள்.

கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) விஷயத்தில் எல்லாரும் ஒரு தடவை ஏமாறுவார்கள். சிக்னல் வரவில்லையா, கூட்டு. இன்னும் வரவில்லையா, இன்னும் கூட்டு. 8 பிட் என்றால் பெரியது சிறியது இரண்டுக்கும் நடுவே உச்சபட்சம் 50 டெசிபெல் இடம்தான், பக்கத்தில் பலமான எஃப்எம் நிலையம் இருந்தால் அதுவே எல்லாவற்றையும் தின்றுவிட்டு, இல்லாத இடத்தில் எல்லாம் பேய் மாதிரி சிக்னல் காட்டும். குறைத்தால்தான் தெளியும். யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று போட்டு லேப்டாப்பை விட்டுத் தள்ளி வைத்தாலும் நாய்ஸ் நன்றாகவே இறங்குகிறது.

எல்டிஇ (4ஜி) படிக்கிறவர்களுக்கு இன்னொரு புதையல். செல் தேடலுக்கு வேண்டிய சிக்னல்கள் எல்லாம் நடுவிலுள்ள ஆறு ரிசோர்ஸ் பிளாக்குக்குள் (அலைவரிசையைப் பங்கிட்ட துண்டுகளுக்குள்) இருப்பதால் நொடிக்கு 19.2 லட்சம் சாம்பிள் போதும், டாங்கிளுக்குள் அடங்கிவிடும். 800, 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு டவர் கிடைத்தால், 25, 29, 34 என்ற மூன்று ரூட் எண்ணுக்கும் ஸாடாஃப்-சூ வரிசையை (டவர் தன்னை அடையாளம் காட்ட அனுப்பும் எண் வரிசையை) நாமே உருவாக்கி, வந்த சிக்னலோடு கோரிலேட் செய்து, அதாவது பொருத்திப் பாருங்கள், 5 மில்லிநொடிக்கு ஒரு முறை ஊசி மாதிரி எழும்பும். டவரின் கடிகாரம் மிகத் துல்லியம் என்பதால் டாங்கிளின் பிபிஎம்மையும் அதை வைத்தே அளந்துவிடலாம், என் 60 அப்படிக் கிடைத்ததுதான்.

ஆகாதவை: வைஃபை ஆகாது, அலைவரிசையும் எட்டாது, 20 மெகாஹெர்ட்ஸ் அகலமும் கொள்ளாது. 5ஜியில் செல் தேடலுக்கான எஸ்எஸ்பி சிக்னல் 15 கிலோஹெர்ட்ஸ் சப்கேரியர் இடைவெளியிலேயே 3.6 மெகாஹெர்ட்ஸ், முழுதாக அடங்காது. மைமோவுக்கு (பல ஆன்டெனாவைச் சேர்த்துப் பயன்படுத்தும் முறைக்கு) இரண்டு டாங்கிள் வாங்கலாம் என்ற மேதாவித்தனமும் வேண்டாம் (நான் வாங்கினேன்), தனித்தனிக் கிரிஸ்டல் என்பதால் இரண்டின் ஃபேஸும் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. அனுப்பியும் பார்க்க வேண்டும், ஓஎஃப்டிஎம் (தரவைப் பல சப்கேரியரில் பிரித்து அனுப்பும் முறை) லிங்க் ஒன்றை முழுசாகக் கட்ட வேண்டும் என்றால் 12 பிட் உள்ள அடால்ம்-புளூட்டோ மாதிரி ஒன்றுக்குப் போக வேண்டியதுதான், விலை பல மடங்கு. அனுப்புவதாக இருந்தால் லேபில் கேபிள், அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் பாகம்) வழியாக மட்டும். காற்றில் விட லைசென்ஸ் வேண்டும்.

வாங்குவதாக இருந்தால் டிசிஎக்ஸ்ஓ (வெப்பத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும்) கிரிஸ்டல், உலோகக் கூடு இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் இது நன்றாகவே சூடாகும், சூடேறினால் சாதாரணக் கிரிஸ்டல் இன்னும் நகரும். நானும் அப்படி ஒன்று பிறகு வாங்கினேன், 1 பிபிஎம், ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் ஓடியது. இரண்டாம் செமஸ்டர் ஜூனியர் யாராவது இரவல் கேட்டு வந்தால் மட்டும் அந்தப் பழைய 60 பிபிஎம் டாங்கிளைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன், ஏன் சுற்றுகிறது என்று கேட்டு இதுவரை மூன்று பேர் போன் செய்திருக்கிறார்கள்.